மேப்பிள் லீஃப்ஸின் 2014–15 சீசன்: வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கிக்குப் பஞ்சாபியில் தொலைக்காட்சி வர்ணனை உண்டு. எங்கள் வீட்டில் வர்ணனை நான்தான். மாமா, மச்சான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற சின்னம்மா, பல்கலைக்கழகம் போகிற பெறாமகள் என்று ஆள் மாறினாலும் எங்கள் ஊர் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸைப் பற்றிய கேள்வி மாறுவதில்லை: "உவங்கள் ஏன் இப்பிடித் தோக்கிறாங்கள்?" அதற்கு ஒரே ஒரு சீசனை எடுத்துப் பதில் சொல்வது சுலபம். 2014 அக்டோபரில் தொடங்கி 2015 ஏப்ரலில் முடிந்த சீசன். கேட்டவற்றையும் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்த முறை தொண்டையாவது மிஞ்சும்.

அப்படி என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 82 ஆட்டம் ஆடி 30 வென்றது, 44 தோற்றது, மேலும் 8 ஆட்டங்களை மேலதிக நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ (கோலிக்கு எதிரே ஒவ்வொருவராக அடித்து முடிவு செய்வது) விட்டது. 68 புள்ளி. அப்போது இவர்கள் ஆடுகிற வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் (என்.எச்.எல்.) 30 அணிகள். இவர்களுக்கு 27ஆம் இடம். கோச்சை நடுவழியில் அனுப்பினார்கள், கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் மற்றவர்களையும் அனுப்பினார்கள்.

இது மட்டுமென்றால் சாதாரணத் தோல்விக் கதை. விசேஷம் வேறு. முதல் 31 ஆட்டத்தில் இதே அணி 19 வென்று, 9 தோற்று, 3ஐ மேலதிக நேரத்தில் விட்டிருந்தது: 41 புள்ளி. மிச்சம் 51 ஆட்டத்தில் 11 வெற்றி, 35 தோல்வி, 5 மேலதிக நேரத் தோல்வி: 27 புள்ளி. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே ஜேர்சி, அதே மைதானம்.

புள்ளிக் கணக்கு எப்படி?

வென்றால் 2. அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் 0. அறுபது நிமிடம் சமமாக முடிந்து அதன் பிறகு தோற்றால் ஆறுதலுக்கு 1. அதனால்தான் 30-44-8 என்று மூன்று எண் எழுதுகிறார்கள். 16 அணிகள் கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, அதாவது பிளே ஓஃப், போகும். அந்த ஆண்டு கிழக்குப் பிரிவில் கடைசியாக உள்ளே நுழைந்த பிற்ஸ்பேர்க்கிடம் 98 புள்ளி இருந்தது. லீஃப்ஸ் முப்பது குறைவு. எட்டிப் பார்க்கிற தூரத்தில்கூட இல்லை.

இலை என்றால் பன்மை "லீவ்ஸ்" அல்லவா?

பெறாமகளின் கேள்வி. பள்ளிக்கூட இலக்கணத்துக்கு அவள் சொல்வது சரி. ஆனால் 1927இல் கொன் ஸ்மைத் இந்தப் பெயரைச் சூட்டியபோது மரத்து இலையை நினைக்கவில்லை, முதலாம் உலகப் போரில் கனடியப் படையாட்கள் குத்தியிருந்த மேப்பிள் இலைச் சின்னத்தை நினைத்தார். பெயர்ச்சொல் ஆகிவிட்டது, இனி மாறாது.

சீசன் தொடங்கும்போது சனத்துக்கு நம்பிக்கை இருந்ததா?

அரைகுறையாக. அதற்குப் பின்னால் இரண்டு காயங்கள் இருந்தன, அவற்றைச் சொல்லாமல் இந்தச் சீசன் விளங்காது.

முதலாவது, 2013 மே 13. பொஸ்ரனுடன் பிளே ஓஃப் முதற்சுற்று, ஏழாவது ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. மூன்றாவது பீரியட்டில் (கடைசி இருபது நிமிடம்) லீஃப்ஸ் 4-1 முன்னிலை. எங்கள் மச்சான் அடுத்த சுற்றில் யாரோடு மோதுவது என்று தொலைபேசியில் தேடத் தொடங்கிவிட்டார். பொஸ்ரனின் நேதன் ஹோர்ட்டன் ஒன்று போட்டு 4-2 ஆக்கினார். (இந்தப் பெயரை மறக்க வேண்டாம், திரும்பி வருவார்.) ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்கும்போது லூச்சிச் ஒன்று, அடுத்து 51 விநாடி இருக்கும்போது பேர்ஜெரோன் ஒன்று. சமன். மேலதிக நேரத்தில் மறுபடி பேர்ஜெரோன். வீட்டில் யாரும் கதைக்கவில்லை. மாமி வந்து தொலைக்காட்சியை நிறுத்தினார்.

இரண்டாவது, அதற்கு அடுத்த ஆண்டு. 2014 மார்ச் நடுவில் பிளே ஓஃப் இடம் ஏறக்குறையக் கையில். கடைசி 14 ஆட்டத்தில் 12ஐத் தோற்று வெளியே போனார்கள்.

இதற்குப் பிறகு ஏப்ரலில் பிரெண்டன் ஷனஹன் தலைவராக வந்தார். எல்லாரையும் மாற்றுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் துணைப் பயிற்றுநர்களை அனுப்பிவிட்டு, கோச் ரண்டி கார்லைலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தார். வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு, ஒழுகுகிற ஓட்டை அப்படியே விட்ட மாதிரி. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதே கோடையில் 28 வயதுக் கைல் டூபஸை உதவி மேலாளராக எடுத்தார்கள், புள்ளிவிவரம் தெரிந்த சிலரையும் வேலைக்குச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் நடத்திவந்த இலவசப் புள்ளிவிவரத் தளம் அத்தோடு மூடப்பட்டது. அதையே நம்பியிருந்த என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய இழப்பு.

அந்த 9-2 ஆட்டம் என்றால் என்ன?

2014 நவம்பர் 18, நாஷ்வில் வந்து எயார் கனடா சென்ரரில் (இப்போது அதற்கு ஸ்கோஷியாபாங்க் அரீனா என்று பெயர்) ஒன்பது கோல் போட்டுவிட்டுப் போனது. மூன்று நாளுக்கு முன்னர்தான் பஃபலோ 6-2 என்று அடித்திருந்தது. பஃபலோ அந்த ஆண்டு லீக்கிலேயே கடைசி அணி என்பதையும் சேர்த்து வாசிக்கவும்.

உங்கள் ஆட்கள் ஏன் ஜேர்சியைக் கழற்றி எறிகிறார்கள்?

எங்கள் ஆட்கள் எறிவதில்லை; காசு கொடுத்து வாங்கியது. ஆனால் கேள்வி நியாயம். அந்தக் குளிர்காலத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு நீல ஜேர்சி மேலிருந்து கையை விரித்தபடி விழும், பனித்தரையில் கொஞ்சத் தூரம் வழுக்கும், நிற்கும். ஆட்டத்தை நிறுத்துவார்கள். யாராவது வந்து ஈரத் துணி எடுப்பதுபோல் அதை எடுத்துக்கொண்டு போவார். பத்து விநாடிக் காரியம்தான், ஆனால் அந்தப் பத்து விநாடியும் மைதானத்தில் ஒரு விதமான அமைதி இருக்கும். ஜனவரி 19 கரோலைனா ஆட்டத்திலும் நடந்தது. 2010 டிசம்பரில் இதே ரசிகர்கள் வாஃபிள் எறிந்தவர்கள். ஏன் வாஃபிள் என்று கேட்காதீர்கள்.

சலூட் பிரச்சினை என்று ஒன்று சொன்னார்களே?

வீட்டு மைதானத்தில் வென்றால் ஆட்டக்காரர் எல்லாரும் நடுவில் நின்று ஸ்ரிக்கை உயர்த்தி ரசிகருக்கு நன்றி சொல்வார்கள். 9-2 அவமானத்துக்கு இரண்டு நாள் கழித்து ரம்பா பேயை 5-2 என்று வென்றார்கள். வென்றவுடன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

ஊரே கொதித்தது. வானொலியில் நாலு நாள் இதே கதை. கப்டன் டியோன் ஃபனூஃப் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. என் கருத்து, அது பெரிய விஷயமே இல்லை. கலியாண வீட்டில் "எனக்கு வணக்கம் சொல்லவில்லை" என்று முகத்தைத் தூக்கி வைக்கிற பெரியப்பா கதை. ஆனால் பெரியப்பா கோபித்தால் வீடு நிம்மதியாக இருக்காது என்பதும் உண்மை. பிறகு பழையபடி ஸ்ரிக்கை உயர்த்தினார்கள்.

டிசம்பரில் நன்றாக ஆடினார்களே, பிறகு எப்படி விழுந்தார்கள்?

எல்லாக் கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கும். என் பதில்: டிசம்பரில் அவர்கள் நன்றாக ஆடவில்லை. வென்றார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 20 முதல் டிசம்பர் 16 வரை 12 ஆட்டத்தில் 10 வெற்றி. டிசம்பர் 16 அன்று அனஹைமையே 6-2 என்று அடித்தார்கள். எங்கள் வீட்டில் மச்சான் பிளே ஓஃப் டிக்கெட்டுக்குச் சீட்டுப் போடலாமா என்றார். அந்த நாட்களில் ஒரு ஆட்டத்துக்கு நானும் மகனும் ஒரு வேலை செய்தோம். பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் லீஃப்ஸ், வலப்பக்கம் மற்ற அணி. கோலை நோக்கி யார் அடித்தாலும் ஒரு கோடு. உள்ளே போனாலும் சரி, கோலி (கோல் காக்கிறவர்) பிடித்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, யாருடைய காலிலாவது பட்டாலும் சரி. மகனுக்குக் கை உளையத் தொடங்கியது, வலப்பக்கம். இடப்பக்கம் ஒரு வரியோடு முடிய, வலப்பக்கம் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. லீஃப்ஸ் வென்றது.

இந்தக் கோடு போடுகிற கணக்குக்கு ஒரு பெயர் உண்டு: கோர்சி. பஃபலோவில் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சியின் பெயர். இதில் பெரிய விஞ்ஞானம் இல்லை. அடிக்கிற அடி எவ்வளவோ, அவ்வளவுக்குப் பக் (அடிக்கிற அந்த ரப்பர் வட்டு) உங்கள் கையில் இருக்கிறது. இந்த லீக்கில் கோலுக்கு நேரே போகும் நூறு அடியில் சுமார் ஒன்பது உள்ளே போகும். சில வாரம் பன்னிரண்டு போகும், சில வாரம் ஆறு போகும். பன்னிரண்டு போகிற வாரத்தில் நீங்கள் எதிரியைவிடக் குறைவாக அடித்தும் வெல்வீர்கள். ஆறு போகிற வாரம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. கடன் வாங்கிக் கொண்டாடிய தீபாவளி மாதிரி.

கார்லைலின் லீஃப்ஸ் வருடக்கணக்கில் இப்படியே ஆடியது. பக் கையில் வந்ததும் அதைக் கொண்டுபோகாமல் எதிரணி மூலைக்கு வீசிவிட்டு ஓடுவார்கள். திருப்பி எடுக்கிறவன் பெரும்பாலும் எதிரணிக்காரன். அவன் திரும்பி வந்து இவர்களின் கோல் முன்னால் நின்று அடித்துக்கொண்டேயிருப்பான். கோலி பிடிக்கிறவரை மானம் தப்பும். 2013–14இல் லீக்கிலேயே மிக அதிகமான அடியை வாங்கிய அணி இதுதான். அடுத்த ஆண்டு மட்டும் புதுப் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஆகவே ஜனவரியில் எதுவும் உடையவில்லை. உடைந்தது முதலே உடைந்திருந்தது. டிசம்பர் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டிருந்தது.

அப்படியானால் கார்லைலை நீக்கியது சரிதானே?

நீக்கியது சரி. நீக்கிய நேரமும் விதமும் வேடிக்கை. அந்த மனிதர் 2007இல் அனஹைமுக்கு லீக்கின் கிண்ணமான ஸ்ரான்லிக் கிண்ணம் வென்று கொடுத்தவர், சும்மா ஆள் இல்லை. 2015 ஜனவரி 6 அன்று அனுப்பியபோது அவரது கணக்கு 21-16-3. பிளே ஓஃப் இடத்தைத் தொட்டும் தொடாமலும் நின்ற அணி. மே மாதம் நீட்டிப்பு, ஜனவரியில் வீட்டுக்கு. நீட்டிப்புக் கொடுத்தபோது தெரியாத எது எட்டு மாதத்தில் தெரிந்தது?

துணைப் பயிற்றுநராக இருந்த பீற்றர் ஹொராசெக்கை மேலே ஏற்றினார்கள். நல்ல மனிதர். எதிரணி அடிக்கிற அடியைக் குறைப்பேன் என்றார், குறைத்தும் காட்டினார். ஆனால் தன் ஆட்களை அடக்கி ஆட வைத்ததில் அவர்களுடைய கோலும் சேர்ந்து நின்றுவிட்டது. அவருடைய 42 ஆட்டத்தில் 9 வெற்றி, 28 தோல்வி, 5 மேலதிக நேரத் தோல்வி. கார்லைல் 40 ஆட்டத்தில் 45 புள்ளி, ஹொராசெக் 42 ஆட்டத்தில் 23. பழைய குருடி கதவைத் திறடி என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய குருடிக்காவது கதவு எங்கே என்று தெரிந்திருந்தது.

ஜனவரியில் எவ்வளவு மோசம்?

அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஆடப் போனால் ரொறன்ரோ நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம். அந்தப் பயணத்தில் லொஸ் ஏஞ்சலிஸிடம் 2-0, அனஹைமிடம் 4-0, சான் ஹோசேயிடம் 3-1, வருகிற வழியில் சென் லூயிஸிடம் 3-0. நாலு ஆட்டத்தில் ஒரு கோல்.

வெயார்ஹவுஸில் பின்னேர வேலை முடித்து வந்து, குளித்து, சோற்றைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாவது பீரியட். மகன் ஜேர்சியோடு சோபாவில் நித்திரை. "கோல் போட்டால் எழுப்புங்கோ அப்பா" என்று சொல்லியிருப்பான். மூன்று இரவு அவனை எழுப்பவே இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டேன்.

மொத்தம் தொடர்ந்து 11 ஆட்டம் வெற்றியில்லாமல் போனது. பெப்ரவரி 7 அன்று எட்மன்ரனை 5-1 என்று வென்றுதான் அது முடிந்தது. எட்மன்ரன் அந்த ஆண்டு ரொறன்ரோவைவிட மோசம் என்பதால் பெரிதாகக் கொண்டாடவில்லை.

எல்லாம் ஃபில் கெசெலின் பிழை என்கிறார்களே?

82 ஆட்டமும் ஆடி 25 கோல், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 61 புள்ளி எடுத்து அணியில் முதலிடத்தில் நின்றவர் அவர். அந்தச் சீசனில்தான் அவருடைய எட்டு ஆண்டு, 64 மில்லியன் டொலர் ஒப்பந்தம் தொடங்கியது. ஊதியம் கூடின ஆளை ஏசுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். பத்திரிகையாளரோடு கதைக்க விருப்பமில்லை, உடம்பு விளையாட்டுக்காரர் உடம்பு மாதிரி இல்லை, பின்னுக்கு வந்து தடுப்பதில்லை. கடைசியாகச் சொன்னதில் உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் அலட்டல்.

2015 ஜூலை 1 அன்று அவரைப் பிற்ஸ்பேர்க்குக்கு அனுப்பினார்கள், ஊதியத்தில் ஒரு பகுதியைத் தாங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டு. 2016, 2017 இரண்டு ஆண்டும் அவர் அங்கே ஸ்ரான்லிக் கிண்ணம் தூக்கினார், 2023இல் வேகஸுடன் மூன்றாவது. கெசெல் தனியாக ஒரு அணியைத் தூக்கி நிறுத்துகிற ஆள் இல்லை. நல்ல அணியில் மூன்றாவது ஆளாக இருந்தால் வேறு யாரும் வேண்டாம். ரொறன்ரோ அவரை முதலாவது ஆளாக வைத்திருந்தது.

கோலிகள் சரியில்லையா?

ஜொனதன் பேர்னியே 21-28-7, ஜேம்ஸ் ரைமர் 9-16-1. முன்னுக்கு நிற்கிறவர்கள் வழிவிட்டால் கோலி என்ன செய்வார்? அவர்களை விட்டுவிடுங்கள்.

டேவிட் கிளார்க்சன் கதையை இன்னொருக்கால் சொல்லுங்கள்.

இந்தக் கதையை மாமா மாதத்துக்கு ஒருதரம் கேட்பார். காசு விஷயம் என்றால் அவருக்கு ஹொக்கியும் விளங்கும்.

கிளார்க்சன் ரொறன்ரோப் பொடியன். சின்ன வயதில் பழைய லீஃப்ஸ் நட்சத்திரம் வெண்டல் கிளார்க்கின் ரசிகன். அவருடைய 17ஐத் திருப்பிப் போட்டு 71 என்று முதுகில் எழுதியவர். 2013 ஜூலை 5 அன்று லீஃப்ஸ் அவருக்கு ஏழு ஆண்டுக்கு 36.75 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. அவர் சீசன் தொடங்க முதலே, பயிற்சி ஆட்டமொன்றில் சண்டைக்காக இருக்கையை விட்டுக் குதித்து இறங்கியதில், முதல் பத்து ஆட்டத்துக்குத் தடை வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு சீசனும் அரையுமாக 118 ஆட்டம், 15 கோல். ஏழு ஆண்டில் இரண்டுகூட முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தை எந்த அணியும் தொடாது என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

இப்போது நேதன் ஹோர்ட்டன் திரும்பி வருகிறார். பொஸ்ரனில் 4-2 போட்ட அதே ஆள். அதே 2013 ஜூலை 5 அன்று அவர் கொலம்பஸுடன் ஏழு ஆண்டுக்கு 37.1 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். 36 ஆட்டம் ஆடினார், முதுகு போய்விட்டது. இனி ஆட முடியாது. கொலம்பஸ் அந்த ஒப்பந்தத்துக்குக் காப்புறுதி எடுக்கவில்லை. சின்ன நகரத்து அணி, ஆடாத ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து மில்லியனுக்கு மேல் கட்ட வேண்டும்.

ரொறன்ரோவிடம் காசு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ஊதிய உச்சவரம்பு இருக்கிறது; அந்த ஆண்டு ஓர் அணி 69 மில்லியனுக்கு மேல் போக முடியாது. நீண்ட நாள் காயப் பட்டியலில் இருக்கிற ஆளின் ஊதியத்துக்கு அந்த வரம்பில் சலுகை உண்டு. ஆகவே ரொறன்ரோவுக்கு ஆடுகிற கிளார்க்சனைவிட ஆட முடியாத ஹோர்ட்டன் மேல். கொலம்பஸுக்கு ஆடாத ஹோர்ட்டனைவிட எப்படியோ ஆடுகிற கிளார்க்சன் மேல். 2015 பெப்ரவரி 26 அன்று ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். நாலு மில்லியன் சனம் வாயைப் பிளந்தது.

மாமாவுக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு. கிளார்க்சனும் காயப்பட்டு ஆட்டத்தை விட்டார். அவருடைய ஒப்பந்தம் கொலம்பஸிலிருந்து வேகஸுக்குப் போய், 2019 ஜூலையில் சுற்றிச் சுழன்று ரொறன்ரோவுக்கே வந்து சேர்ந்தது. அதே உச்சவரம்புச் சலுகைக்காக. ஹோர்ட்டனின் ஒப்பந்தமும் அப்போது முடியவில்லை. ஒருவருக்குப் பதிலாக ஒருவர் என்று மாற்றிய இரண்டு பேருக்கும் ஒரே அணி, ஒரே சீசனில் காசு கட்டியது. இரண்டு பேரும் ஒரு நிமிடம் ஆடவில்லை. "அப்ப உவங்களுக்கு ஆடத்தான் தெரியேல்ல, கணக்குப் பாக்கத் தெரிஞ்சிருக்கு" என்பார் மாமா.

வேண்டுமென்றே தோற்றார்களா?

ஆட்டக்காரர் இல்லை. ஒப்பந்தம் முடியப்போகிறவன் எவனும் தோற்க ஆடமாட்டான். ஆனால் நிர்வாகம் பெப்ரவரியிலேயே கடையைக் கட்டத் தொடங்கிவிட்டது. பெப்ரவரி 15 அன்று கோடி ஃப்ரான்சனையும் மைக் சன்ரொறெல்லியையும் நாஷ்வில்லுக்குக் கொடுத்து ஒரு முதற்சுற்று டிராஃப்ட் உரிமை (இளம் ஆட்டக்காரரை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்வதில் ஓர் இடம்) வாங்கினார்கள். டானியல் வினிக் பிற்ஸ்பேர்க் போனார். நல்ல ஆட்களை விற்றால் தோல்வி தானாக வரும், யாரும் வேண்டுமென்று செய்ததாக எழுதத் தேவையில்லை.

ஏனென்றால் அந்த ஆண்டு கடைசியில் வருகிறவனுக்குப் பெரிய பரிசு இருந்தது: டிராஃப்ட்டில் முதலாவதாக எடுக்கப்படுவார் என்று எல்லாரும் சொன்ன கொனர் மக்டேவிட். அதுவும் றிச்மண்ட் ஹில்லில் பிறந்து, நியூமார்க்கட்டில் வளர்ந்த பையன். எங்கள் வீட்டிலிருந்து காரில் சின்னத் தூரம். முதல் தெரிவு யாருக்கு என்ற சீட்டுக் குலுக்கலில் பஃபலோவுக்கு 20 வீதம், அரிசோனாவுக்கு 13.5, எட்மன்ரனுக்கு 11.5, ரொறன்ரோவுக்கு 9.5. ஏப்ரல் 18 அன்று குலுக்கினார்கள், விழுந்தது எட்மன்ரனுக்கு. அந்தக் காலத்து விதிப்படி முதலிடத்துக்கு மட்டும்தான் குலுக்கல், ஆகவே ரொறன்ரோ நாலாவதிலேயே நின்றது. சீசன் முழுக்கத் தோற்றதில் பரிசும் இல்லை. மச்சான் அன்றிரவு சாப்பிடவில்லை. ஜேர்சி எறிந்த சனத்தைவிட அவருக்குத்தான் அந்தச் சீசன் அதிகம் வலித்தது என்பேன்.

இவ்வளவு தோற்றும் சனம் ஏன் டிக்கெட் வாங்குகிறது?

அந்த ஆண்டு ஃபோர்ப்ஸ் கணக்கில் லீக்கிலேயே பெறுமதி கூடிய அணி இதுதான். டிக்கெட்டில் பெரும்பங்கு நிறுவனங்கள் கையில், சீசன் டிக்கெட் பரம்பரைச் சொத்துப் போலக் கைமாறும். ஆனாலும் மார்ச்சில் மினசோட்டா வந்தபோது இருக்கைகள் விற்காமல் மிஞ்சின. ரொறன்ரோவில் அது செய்தி.

உண்மையில் பெரிய அடி தொலைக்காட்சிக்குத்தான். றொஜர்ஸ் நிறுவனம் 12 ஆண்டுக்கு 5.2 பில்லியன் கனடிய டொலருக்கு ஒளிபரப்பு உரிமை வாங்கியிருந்தது, அதன் முதல் ஆண்டு இது. லீஃப்ஸில் அந்த நிறுவனத்துக்குப் பங்கும் உண்டு. கனடாவின் ஏழு அணிகளில் ஐந்து பிளே ஓஃப் போனது. போகாதவை எட்மன்ரனும், சனம் அதிகம் பார்க்கிற ரொறன்ரோவும்.

கடைசியில் யார் யார் போனார்கள்?

ஏப்ரல் 12 அன்று மேலாளர் டேவ் நோனிஸ், ஹொராசெக், துணைப் பயிற்றுநர்கள், தேர்வாளர்களில் பலர். ஒரே நாளில். மே 20 அன்று மைக் பாப்கொக் எட்டு ஆண்டுக்கு 50 மில்லியனுக்கு வந்தார். வந்த கையோடு, முதலில் வலிக்கும் என்று சொல்லிவைத்தார். ஜூலையில் லூ லமொறெலோ மேலாளர். கப்டன் ஃபனூஃப் 2016 பெப்ரவரியில் ஒட்டாவாவுக்குப் போனார்.

அந்தத் தோல்வியால் ஏதாவது பலன் கிடைத்ததா?

கிடைத்தது, நினைத்த இடத்தில் இல்லை. நாலாவது இடத்தில் மிச் மார்னரை எடுத்தார்கள். அடுத்த சீசனில் 69 புள்ளி, அதாவது ஒரு புள்ளி கூட எடுத்து லீக்கில் கடைசி. அந்தக் குலுக்கலில் வென்று ஒஸ்ரன் மத்தியூஸை எடுத்தார்கள். 2016 அக்டோபர் 12, அவருடைய முதல் ஆட்டம், நாலு கோல். ஒட்டாவாவிடம் 5-4 என்று தோற்றார்கள். லீஃப்ஸ் அல்லவா.

ஃப்ரான்சனுக்கு வாங்கிய முதற்சுற்று உரிமையின் பயணமும் ஒரு பாடம். 24ஆவது தெரிவு. அதைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 29உம் 61உம் வாங்கினார்கள். 29ஐக் கொலம்பஸுக்குக் கொடுத்து 34உம் 68உம் வாங்கினார்கள். ஒரு தேங்காயைக் கொடுத்து மூன்று இளநீர். 34இல் வந்த டிரவிஸ் டெர்மொற் சில ஆண்டு ஆடினார், பரவாயில்லை. பிலடெல்பியா அந்த 24இல் டிரவிஸ் கொனெக்னியை எடுத்தது. அவர் அங்கே நட்சத்திரம்.

2017 முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் பிளே ஓஃப் போனார்கள். அந்த ஒன்பது ஆண்டில் வென்ற சுற்று இரண்டு: 2023இல் ரம்பா பே, 2025இல் ஒட்டாவா. 2025 மேயில் ஷனஹன் போனார், கோடையில் மார்னர் வேகஸுக்குப் போனார்.

கடைசியாக எப்போது கிண்ணம் வென்றார்கள்?

1967. லீக்கில் ஆறு அணிதான் அப்போது. சின்னம்மா பிறந்த ஆண்டு என்பதால் எங்கள் வீட்டில் இந்த எண் எல்லாருக்கும் பாடம்.

இன்னும் ஏன் பார்க்கிறீர்கள்?

சின்னம்மா கேட்டது. மகன் இப்போது வளர்ந்துவிட்டான், தன் அறையில் மடிக்கணினியில் பார்க்கிறான். அந்தக் கொப்பி தொலைக்காட்சிக்குக் கீழே லாச்சியில் கிடக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கத்தில் மூன்றாவது வரியின் நடுவில் பென்சில் கோடு வளைந்து இறங்கியிருக்கிறது, அவன் நித்திரை தூங்கி விழுந்த இடம்.